கரன்ட் இல்லாத நாளில் மெஷின் குயில்டிங்: வேலூர் வகுப்பு அனுபவம்

கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை. வேலூரில் ஒரு துணிக்கடையில் மெஷின் குயில்டிங் வகுப்பு எடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். இரண்டு துணிக்கு நடுவில் பஞ்சு வைத்து, மூன்றையும் சேர்த்து மெஷினில் தைப்பதுதான் குயில்டிங். துணியைத் தள்ளும் பல்லை இறக்கக்கூடிய வீட்டு மெஷின்கள், பஞ்சு ஷீட், 90/14 ஊசி, அகலமான மேசை என்று தேவையானதையெல்லாம் முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பியிருந்தேன். "எல்லாம் ரெடி மேடம்" என்று பதில் வந்தது. மெஷின்களைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னதற்கு மட்டும் பதிலே இல்லை.

ஆரணியிலிருந்து பஸ்ஸில் போனேன். என் மெஷினையும் தூக்கிக்கொண்டு போனதால் லக்கேஜ் டிக்கெட் போட்டார்கள், நியாயம்தான். நீங்களும் மெஷினோடு பஸ் ஏறுவதாக இருந்தால் ஊசியைக் கழற்றிவிட்டு, துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டுக்கு அடியில் துணியை மடித்து வைத்து இறக்கிக்கொள்ளுங்கள்.

கடைக்குள் நுழைந்ததும் வயிறு கலங்கிவிட்டது. கார்மென்ட்ஸில் ஓடுகிற பெரிய பவர் மெஷின்களை வாடகைக்கு எடுத்து வரிசையாகப் போட்டிருந்தார்கள். "இது இன்னும் ஸ்பீடு மேடம்" என்றார் கடைக்காரர். எனக்கு ஸ்பீடு வேண்டாம். பூவும் கொடியுமாக இஷ்டத்துக்கு வளைத்துத் தைக்கும்போது துணியை நகர்த்துவது நம் கைதான். பல் இறங்காமல் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே இருந்தால் கை எப்படித் திரும்பும்? வந்திருந்த எட்டுப் பேரில் பாதிக்கு மேல் வீட்டில் ஜாக்கெட் தைப்பவர்கள். அந்த மோட்டார் சத்தத்துக்கே ஒரு அக்கா கையை எடுத்துவிட்டார்.

அப்புறம் பஞ்சு ஷீட். பைக்குள் வைத்துத் தைக்கிற ஸ்பான்ஞ்சை வாங்கி வைத்திருந்தார்கள். அதை நடுவில் வைத்தால் பை உறை வரும், போர்த்திக்கொள்ளப் போர்வை வராது.

இதைப் பேசிக்கொண்டிருக்கும்போதே கரன்ட் போனது. மாதாந்திரப் பராமரிப்பு, சாயங்காலம்தான் வரும் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். முதல் நாள் பேப்பரிலேயே போட்டிருந்தார்களாம். வெளியூரிலிருந்து வருகிறவளுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லக் கடையில் யாருக்கும் தோன்றவில்லை. எங்கே வகுப்பு எடுக்கப் போனாலும் அந்த ஏரியாவில் பவர் கட் என்றைக்கு என்று நாமே விசாரித்துவிட வேண்டும்.

வந்தவர்களைத் திருப்பி அனுப்ப எனக்கு மனமில்லை. கடையில் லைட்டுக்கும் ஃபேனுக்கும் இன்வெர்ட்டர் இருந்தது. வீட்டு மெஷின் மோட்டார் பெரும்பாலும் 100 வாட்டுக்குள்தான், அதனால் என் மெஷின் அதில் நன்றாக ஓடியது. மாடியில் ஆல்டரேஷன் பார்க்கும் பெரியவரிடம் கால் மிதி மெஷின் இரண்டு சும்மா கிடந்தன. கேட்டதும் அவரே கூட நின்று இறக்கிக் கொடுத்தார்.

அந்தக் கறுப்பு மெஷின்களில் பல்லை இறக்க வழியில்லை. ஆனால் தையல் நீளத்தைப் பூஜ்யத்தில் வைத்தால் பல் ஏறி இறங்குமே தவிர துணியைத் தள்ளாது. மெல்லிய அட்டையில் ஊசி போக ஓட்டை போட்டுப் பல்லுக்கு மேல் டேப் ஒட்டினேன். குதித்துக் குதித்துப் போகும் டார்னிங் ஃபுட் உபரியாக என் பையில் எப்போதும் இருக்கும், அது அப்படியே பொருந்தியது. பஞ்சுக்குப் பதில், குழந்தைத் துணி அலமாரியில் இருந்த ஃபிளானலை எடுத்து நடுவில் வைத்தோம். புசுபுசுவென்று இருக்காதுதான், பழகுவதற்கு அதுவே வசதி. மூன்று அடுக்கும் நகராமல் ஒரு கை அகலத்துக்கு ஒரு ஊக்கு குத்தி, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தைக்க ஆரம்பித்தோம்.

முதலில் எல்லாருக்கும் அடியில் நூல் கூடு கட்டியது. டார்னிங் ஃபுட் துணியை அழுத்தாததால் இறக்கினோமா இல்லையா என்றே தெரியாது. ஃபுட்டை இறக்கும் லீவரை இறக்கினால்தான் மேல்நூலில் டென்ஷன், அதாவது இழுப்பு, பிடிக்கும். இதை மட்டும் பத்துத் தடவை சொல்லுங்கள், தப்பே இல்லை.

பேரணாம்பட்டிலிருந்து வந்திருந்த ஒரு அக்கா ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பகுதித் தோல், தைத்தவர். காலும் கையும் ஒரே வேகத்தில் போக வேண்டும் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் மிதி மெஷினில் ஒரு கொடியை ஓட்டிக் காட்டிவிட்டார். தையல் அத்தனையும் ஒரே அளவு! "தோலை விட இது சுலபம் டீச்சர்" என்றார். அதற்குப் பிறகு பக்கத்தில் இருந்தவர்களுக்கு அவர்தான் சொல்லிக் கொடுத்தார். சாயங்காலத்துக்குள் எட்டுப் பேருமே 18 அங்குலச் சதுரம் ஒன்றை முடித்துவிட்டார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பணம் வாங்கும்போது மறுபடியும் தகராறு. "கரன்ட்தான் இல்லையே, பாதி எடுத்துக்குங்க மேடம்" என்றார் கடைக்காரர். பேசிய தொகை வாட்ஸ்அப்பில் இருந்தது, எடுத்துக் காட்டினேன். அந்த அக்காக்களும் எழுந்து வந்து நின்றார்கள். முழுத்தொகையும் கைக்கு வந்தது. பஸ் செலவு மட்டும் வரவில்லை, ஏனென்றால் அது வாய்ப்பேச்சாகவே நின்றுவிட்டது. அதனால் பஸ் செலவு, லக்கேஜ் உட்பட எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள், பாதி அட்வான்ஸ் வராமல் பஸ் ஏறாதீர்கள்.

அவர்களில் மூன்று பேர் அடுத்த பாடம் கேட்டிருக்கிறார்கள். ஆற்காட்டில் ஒருவர் வீட்டுத் திண்ணையில் எடுக்கப் போகிறேன். மிதி மெஷின்களைப் படம் எடுத்து அனுப்பிவிட்டார்கள். பஞ்சு ஷீட்டை நானே வாங்கிக்கொண்டு போகிறேன்.