அதிகம் கதைக்காத முதலாளி

"வாயுள்ள பிள்ளை பிழைக்கும்" என்று அம்மா சொல்லும்போதெல்லாம், அது என்னைக் குத்திக்காட்டவே சொல்லப்படுவதாக எனக்குத் தோன்றும். யாழ்ப்பாண நகரில் சிறிய அச்சகம் ஒன்றைப் பொறுப்பேற்றபோது, நான்கு பணியாளர் முன்னிலையில் சொல்ல வேண்டிய இரண்டு வாக்கியங்களை முதல் நாள் இரவே ஒத்திகை பார்த்து, மறுநாள் பாதியில் மறந்துபோனவன் நான்.

எங்கள் வருமானத்தில் பெரும்பங்கு கல்வெட்டிலிருந்து வருகிறது. (வெளியூர் வாசகர்களுக்காக: இங்கே கல்வெட்டு என்பது, இறந்தவரின் வாழ்க்கை வரலாறும் தேவாரங்களும் உறவினர் விபரமும் அடங்கிய, 31ஆம் நாள் அந்தியேட்டிச் சடங்கில் வழங்கப்படும் சிறு நூல்.) ஒருமுறை ஒரு பெண், தகப்பனாரின் விபரங்களை எழுதிய கொப்பித்தாளை மேசையில் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அவருடைய புகைப்படத்தின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தார். நானும் தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தியதோடு சரி. நெடுநேரத்தின் பின்னரே, யுத்தத்தில் காணாமற்போன தம்பியின் பெயரைப் பிள்ளைகளின் வரிசையில் எப்படிப் போடுவது என்று கேட்டார். 'காலஞ்சென்ற' என்ற சொல் இல்லாமல், வெறும் பெயராகவே அச்சிட்டோம். நான் அவசரப்பட்டுக் கதைத்திருந்தால் அந்தக் கேள்வி வந்திருக்காது.

வாடிக்கையாளரிடம் உதவிய மௌனம் பணியாளரிடம் உதவவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நாட்காட்டி வேலையொன்று அளவு பிழைத்தபோது, என்ன சொல்வதென்று யோசித்தபடி இரண்டு நாள் பேசாதிருந்தேன். மூன்றாம் நாள் இயந்திரம் இயக்கும் தம்பி, "ஏசினாலும் பரவாயில்லை அண்ணை, கதைக்காமல் இருக்கிறதுதான் எங்களுக்குப் பயம்" என்றான். என் கூச்சம் அவர்களுக்குக் கோபமாகத் தெரிந்திருக்கிறது.

அதன் பின்னர் ஒவ்வொரு வேலையின் உறையிலும் ஒரு துண்டுத்தாளை வைத்து, பிழையையோ யோசனையையோ எவரும் பென்சிலால் எழுதலாம் என்றும், காலையில் முதலில் எல்லோரும் எழுதிய பின்னரே கதைப்பது என்றும் ஏற்பாடு செய்தேன். குழுவாகக் கூடி யோசிக்கும்போது, தன் முறை வரும்வரை காத்திருப்பதாலேயே யோசனைகள் குறைந்துவிடுகின்றன என்று டீல், ஸ்ட்ரோபே என்னும் உளவியலாளர்கள் 1987இலேயே காட்டியிருக்கிறார்கள். நான் அதைப் பிற்பாடுதான் வாசித்தேன். எங்களுள் மிக இளையவள், என்னிலும் குறைவாகக் கதைப்பவள், ஆடியில் திருமணம் இல்லாததால் ஆவணிக்கு வேண்டிய அழைப்பிதழ் அட்டைகளை அப்போதே வெட்டி வைக்கலாம் என்று எழுதியிருந்தாள். அந்த ஆவணியில் நாங்கள் இரவுவேலை செய்யவில்லை.

உளவியலாளர் அடம் கிராண்டும் அவருடன் இருவரும் அமெரிக்காவில் 57 பீட்சாக் கடைகளை ஆராய்ந்து 2011இல் எழுதியதும் இதற்கு நெருங்கியது: பணியாளர் தாமாக யோசனை சொல்லும் கடைகளில் கலகலப்பான முகாமையாளரின் கீழ் இலாபம் குறைந்திருந்தது, சொல்லாத கடைகளிலோ அத்தகைய முகாமையாளரின் கீழ்தான் கூடியிருந்தது. ஆகவே அமைதியான சுபாவமே பெரிய தகுதி என்று நான் மார்தட்டமாட்டேன்; என்னைச் சுற்றியிருப்பவர்கள் வாய்திறக்கத் தொடங்கிய பின்னரே அது பயன்பட்டது.

நிலுவைப் பணம் கேட்பது மட்டும் இன்னும் கைவரவில்லை. அதைப் புத்தகம் கட்டும் அண்ணரிடம் ஒப்படைத்துவிட்டேன். அவருடைய குரல் முற்றம்வரை கேட்கும். அவர் தொலைபேசியைக் கையில் எடுத்தவுடன் நான் இயந்திரப் பக்கம் நகர்ந்துவிடுகிறேன்.