அப்பாவுக்கு வேன்கோமைசின் ஏத்தினப்போ நாங்க கவனிச்சது

அப்பாவுக்கு இனிப்புநீரால வந்த கால் புண்ணு எலும்பு வரைக்கும் இறங்கிடுச்சு, கல்ச்சர் (என்ன கிருமின்னு வளர்த்துப் பார்க்குற டெஸ்ட்) எடுத்ததுல எம்ஆர்எஸ்ஏ கிருமின்னு வந்துச்சு, வழக்கமா குடுக்குற ஆன்டிபயோட்டிக்குக்கு அது அடங்காது, வேன்கோமைசின்தான், அதுவும் நரம்புல ஆறு வாரம்னு டாக்டர் சொல்லிட்டாரு. வாய் வழியா சாப்பிட்டா குடல்லயே நின்னுடுமாம், ரத்தத்துக்கு போகாதாம். பினாங்குல இப்ப யாராச்சும் இதே மருந்துக்காக வார்டுல காவல் உக்காந்திருந்தா உங்களுக்காகத்தான் எழுதுறேன்.

மொத டோஸ் ஏறி கொஞ்ச நேரத்துலயே அப்பா பின்னந்தலைய சொறிய ஆரம்பிச்சாரு. அவரு நல்ல கறுப்பு, முகத்துல செவப்பு ஒன்னும் தெரியல, ஆனா காது மடல தொட்டா சுடுது, சட்டைய விலக்கி பார்த்தா கழுத்துலயும் நெஞ்சுலயும் தடிப்பு தடிப்பா. மிஸ்ஸிய (நர்ஸ) கூப்பிட்டதும் ட்ரிப்ப நிறுத்தி, பிரஷர் பார்த்து, அரிப்புக்கு ஊசி போட்டு, அடங்கின பிறகு மெதுவா ஓட விட்டாங்க. ஒரு கிராம் மருந்து குறைஞ்சது ஒரு மணி நேரமாச்சும் ஓடணும், வேகமா போனா உடம்புல அரிப்பு உண்டாக்குற ஹிஸ்டமின் கொட்டி இப்படி ஆகுமாம். அப்பாவுக்கு அதுக்கப்புறம் ரெண்டு மணி நேரம்னு மாத்திட்டாங்க, மறுபடி வரல. ஆனா மூச்சு இழுத்தாலோ உதடு வீங்கினாலோ அது வேற கதை, ஒரு நிமிஷம் கூட பார்த்துட்டு நிக்காம கத்தி கூப்பிடுங்க.

இந்த மருந்து 1950கள்ல நம்ம பக்கத்து போர்னியோ காட்டு மண்ணுல இருந்த நுண்ணுயிர்ல கண்டுபிடிச்சது, 1958ல அமெரிக்காவுல அனுமதி கெடச்சுச்சு. அப்ப சரியா சுத்தம் பண்ண முடியாம பழுப்பா இருக்குமாம், பக்கவிளைவும் ஜாஸ்தி. இப்ப எவ்வளவோ பரவால்ல, ஆனாலும் கிட்னி பயம் போகல, அதுக்குத்தான் கிரியாட்டினினும் (கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற ரத்த அளவு) ரத்தத்துல மருந்து லெவலும் விடாம பார்க்குறாங்க.

அந்த லெவல் எடுக்குற நேரம்தான் எல்லாமே. எங்க வார்டுல அடுத்த டோஸுக்கு அரை மணி நேரத்துக்கு உள்ள, மருந்து ஏத்துறதுக்கு முன்னாடி எடுக்கணும்னு வச்சிருந்தாங்க. லெவல் (லிட்டருக்கு மில்லிகிராம் கணக்குல) 10க்கு கீழ போனா கிருமி பழகிக்கும், 20 தாண்டினா கிட்னிக்கு ஆபத்து. ஒரு தடவ லெவல் எக்கச்சக்கமா வந்து டோஸ நிறுத்தலாம்னு பேச்சு வந்துடுச்சு, ஃபார்மசிஸ்ட் பொண்ணு வந்து "அக்கா, ரத்தம் எடுத்தப்ப மருந்து ஓடி முடிஞ்சி எவ்வளவு நேரம் இருக்கும்?"னு கேட்டுச்சு. ட்ரிப் ஆரம்பிச்சது, முடிஞ்சது, ரத்தம் எடுத்தது, எந்த கையில எடுத்ததுன்னு எல்லாத்தையும் நான் போன்ல குறிச்சி வச்சிருந்தேன். பார்த்தா, மருந்து ஏறி முடிஞ்ச உடனேயே, மருந்து ஏத்துற அதே பிக் லைன்ல (கை வழியா உள்ள விட்ட நீளக் குழாய்) எடுத்திருக்காங்க! சரியான நேரத்துல அடுத்த கையில திரும்ப எடுத்ததும் லெவல் ஒழுங்கா இருந்துச்சு.

பிறகு கிரியாட்டினின் நெஜமாவே கொஞ்சம் ஏறுச்சு. என்னடான்னு தேடினா அப்பா பையில முட்டி வலி மாத்திரை, கிளினிக்குல எப்பவோ வாங்கினது, ராத்திரி ராத்திரி போட்டுட்டு இருந்திருக்காரு. அந்த ஜாதி வலி மாத்திரை (டைக்ளோஃபெனாக், ஐபுப்ரூஃபன் மாதிரி) வேன்கோமைசினோட சேர்ந்தா கிட்னிக்கு ரெட்டை சுமை. நிறுத்தி, வலிக்கு பெனடோல் மாத்திக் குடுத்து, டோஸையும் குறைச்சாங்க, மெல்ல இறங்குச்சு. உங்க வீட்டு பெரியவங்க பையையும் ஒரு தரம் கொட்டிப் பாருங்க, கேட்டா சொல்ல மாட்டாங்க.

காதுல ஙொய்னு சத்தம் கேக்குதான்னு அடிக்கடி கேளுங்க, ரொம்ப அபூர்வம்தான் ஆனா வரும். வாரக்கணக்கா போனா வெள்ளை அணுவும் இறங்கலாம், அதனால வாராவாரம் ரத்தம் பார்த்தாங்க.

டிஸ்சார்ஜ் அன்னைக்கு கார்டுல வேன்கோமைசின் அலர்ஜின்னு எழுத இருந்தாங்க. அப்படி எழுதிட்டா நாளைக்கு இதே மருந்து தேவைப்பட்டாலும் குடுக்க யோசிப்பாங்களேன்னு அந்த ஃபார்மசிஸ்ட் பொண்ணுகிட்ட சொன்னேன், அது டாக்டர்கிட்ட பேசி, 'வேகமா ஏத்தினதால வந்த அரிப்பு, ரெண்டு மணி நேரம் ஓட விடவும்'னு மாத்தி எழுதி வாங்கிக் குடுத்துச்சு.