கோவிட் வார்டில் டூட்டி மாறும் அரை மணி நேரம்

கோவிட் வார்டில் நோயாளி கைநழுவிப் போவது பெரும்பாலும் டூட்டி மாறும் நேரத்தில்தான். பழைய ஷிஃப்ட் களைத்திருக்கும், புது ஷிஃப்டுக்கு இன்னும் யார் எப்படி இருக்கிறார்கள் என்று தெரியாது. அந்த நேரத்தில்தான் சிலிண்டரும் தீரும். வார்டு பொறுப்பில் இருக்கும் சிஸ்டர் தன் கவனத்தில் பாதியை இந்த அரை மணி நேரத்துக்கே ஒதுக்க வேண்டும்.

பாலக்காட்டின் கிழக்கே வாளையார், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஏப்ரல், மே வெயிலில் பிபிஇ என்ற முழுப் பாதுகாப்பு உடுப்போடு 6 மணி நேரம் தாக்குப்பிடிப்பதே அதிகம். அதனால் நாளுக்கு நான்கு ஷிஃப்ட் போட்டோம். 30 படுக்கைக்கு உள்ளே நாலு பேர், வெளியே சுத்தப் பகுதியில் ஒருவர். அப்படியென்றால் ஒரு நாளைக்கு 20 பேர். வார விடுப்பும் காய்ச்சலில் விழுகிறவர்களும் சேர்த்தால் 26 பேராவது பட்டியலில் இல்லாமல் ரோஸ்டர் நிற்காது. ஒவ்வொரு ஷிஃப்டிலும் தமிழ் நன்றாகப் பேசுகிற ஒருவர் கட்டாயம். எல்லை கிராமத்துப் பாட்டிமார் மூச்சுவாங்கும்போது மலையாளத்தில் பதில் சொல்லத் திணறக் கூடாது. மாதவிலக்கு நாளில் இருப்பவர் காரணம் சொல்லாமலே வெளிப்பகுதி டூட்டி கேட்கலாம், கேட்டால் கொடுத்துவிட வேண்டும்.

புது ஷிஃப்ட் 30 நிமிடம் முன்னால் வர வேண்டும். உடுப்பு மாட்டவே 15 முதல் 20 நிமிடம் போகும். அவர்கள் உள்ளே வந்து நிற்கும்வரை பழையவர்கள் ஒருவரும் வெளியேறக் கூடாது. உள்ளிருக்கும் காகிதம் வெளியே வராது, ஆகவே உள்ளே இருப்பவர் போனில் படுக்கை வாரியாகச் சொல்ல, வெளியே இருப்பவர் எழுதி, எழுதியதைத் திருப்பி வாசிக்க வேண்டும். ஆக்சிஜன் அளவு, ஃப்ளோ (நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ஆக்சிஜன் போகிறது என்பது), கடைசியாகச் சாப்பிட்டது, சிறுநீர், அடுத்த ஊசி நேரம், இந்த வரிசை மாறவே கூடாது. வரிசை மாறினால் ஏதோ ஒன்று விட்டுப்போகும்.

அடுத்தது சிலிண்டர். டி டைப் என்ற பெரிய சிலிண்டரில் நிரம்பிய நிலையில் சுமார் 7,000 லிட்டர். கணக்கு எளிது: மீட்டர் பார் (bar) அளவில் காட்டும் அழுத்தத்தை 46-ஆல் பெருக்கி, ஃப்ளோவால் வகுத்தால் நிமிடம் கிடைக்கும். முள் 50-இல் நின்றால் 2,300 லிட்டர், நிமிடத்துக்கு 10 லிட்டர் போனால் 230 நிமிடம். முள் 30-க்கு வந்தால் மாற்றிவிடுங்கள். 15 லிட்டரில் ஓடுகிற நோயாளிக்கு அது ஒன்றரை மணி நேரம்தான், மாற்று சிலிண்டர் வந்து சேரும் நேரமும் அதற்குள்தான். ரிசர்வாயர் பை உள்ள மாஸ்க் போட்டவரின் பை மூச்சை இழுக்கும்போது சுருங்கி ஒட்டிப்போனால் ஃப்ளோ போதவில்லை என்று பொருள். ஆக்சிஜனை ஈரப்படுத்தும் ஹியூமிடிஃபையர் பாட்டிலில் குமிழி வரவில்லை என்றால் முதலில் மூடியைத் திருகிப் பாருங்கள், பாதி நேரம் கசிவு அங்கேதான். குழாய்த் தண்ணீர் ஊற்றவே கூடாது, ஸ்டெரைல் தண்ணீர்தான். தினமும் மாற்ற வேண்டும்.

கழிவறை விஷயத்தை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். படுத்திருக்கும்போது ஆக்சிஜன் அளவு 93 காட்டுகிறவர் மாஸ்கைக் கழற்றிவிட்டு பத்தடி நடந்தால் 80-க்குக் கீழே இறங்கிவிடலாம். மூச்சுத்திணறலே தெரியாமல் இருப்பவர்தான் எழுந்து போவார், அங்கேயே சரிவார். வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவும் மாட்டார். ஆகவே படுக்கையருகே கமோட் நாற்காலி, மறைப்புத் திரை. நடந்துதான் தீர வேண்டுமென்றால் பி டைப் என்ற சிறிய சிலிண்டரைத் தள்ளிக்கொண்டு ஒருவர் கூடவே போக வேண்டும். ஷிஃப்ட் மாறும் முன் ஒவ்வொருவரிடமும் போய், "ஐயா, ஒண்ணுக்குப் போகணுமா?" என்று பழைய ஷிஃப்டே கேட்டு முடித்துவிட வேண்டும்.

குப்புறப் படுக்க வைப்பது சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து. அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை ஒரு நிலை, பிறகு பக்கம் மாற்றம்.

உடுப்பு கழற்றும் இடத்தில்தான் நர்ஸுக்குத் தொற்று ஒட்டும். தாகமும் அவசரமும் கைகளை விரட்டும். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும், எதிரே பார்த்துச் சொல்ல இன்னொருவர். முதலில் வெளிக் கையுறை, அடுத்து முழு உடுப்பை (கவர்ஆல்) உள்பக்கம் வெளியே வரும்படி சுருட்டி, பிறகு கண்ணாடி. என்95-ஐ அறையைவிட்டு வெளியே வந்த பிறகு, பின்பக்கப் பட்டையைப் பிடித்து மட்டும். ஒவ்வொன்றுக்கும் நடுவே கை சுத்தம். தரைக்கு 1 சதவீத ஹைப்போகுளோரைட், அதாவது லிட்டருக்கு 30 கிராம் பிளீச்சிங் பவுடர். நேற்றுக் கலந்தது இன்று வேலை செய்யாது, தினமும் புதிதாகக் கலக்க வேண்டும்.

பைஸ்டாண்டர், அதாவது கூட இருந்து கவனிக்கும் உறவினர் இல்லாத வார்டு இது. சுத்தப் பகுதி சிஸ்டர் ஒவ்வொரு வீட்டுக்கும் தினமும் ஒரே நேரத்தில் கூப்பிட வேண்டும். சாப்பிட்டாரா என்பதை முதலில் சொல்லுங்கள், ஆக்சிஜன் எண்ணை அப்புறம். நிலை மோசமாகிறவர் வீட்டுக்கு டாக்டரையே பேச வையுங்கள், அதுவும் ஷிஃப்ட் மாறும் முன்பே.