இடது கால்

ஜனவரி 11

டிரம்ஸ் பெடலில், நிமிடத்துக்கு 210 பீட் வேகத்தில் வலது கால் ஓடுகிறது. இடது கால் மாட்டேன் என்கிறது.

ஜனவரி 14

எங்கள் டெத் மெட்டல் பேண்டுக்கு டூர் உறுதி. முதல் பேண்ட் நாங்கள்தான். கதவு திறந்ததும் ஏறி, கூட்டம் சேர்வதற்குள் இறங்கிவிட வேண்டும். பாடகனுக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கு இரண்டாவது பாட்டின் டபுள் பாஸ்தான், இரண்டு காலும் மாறி மாறிக் கிக் டிரம்மை அடிப்பது, கண்முன் நிற்கிறது. 210ல் சிக்ஸ்டீன்த் நோட், அதாவது பீட்டுக்கு நான்கு அடி, என்றால் நொடிக்கு 14 அடி, ஒரு அடிக்கும் அடுத்ததற்கும் நடுவே 71 மில்லி விநாடி. அதில் இடது கால் ஒரு பத்தைத் தின்றாலே நொண்டியடிப்பது கேட்டுவிடும். மெட்டல் டிரம்மர் ஜீன் ஹோக்லனுக்கு அணுக்கடிகாரம் என்று பட்டப்பெயர். சும்மாவா வைத்தார்கள்.

ஜனவரி 29

முதல் ஷோ. சவுண்ட் செக் எல்லாம் மெயின் பேண்டுக்கு, எங்களுக்கு வெறும் லைன் செக். கிக் வருதா, ஸ்னேர் வருதா, சரி, ஆரம்பிங்க. டிரம்ஸ் அவர்களுடையது, ஸ்னேர், சிம்பல், பெடல் மட்டும் என்னுடையது. ஸ்டூலை இறக்கக்கூட நேரமில்லாமல் நெட்டையன் ஒருவனின் உயரத்தில் உட்கார்ந்து வாசித்தேன். மானிட்டரில் பாடகனின் உறுமல் தவிர ஒன்றும் இல்லை. கிட்டார்காரனின் வலது மணிக்கட்டைப் பார்த்துப் பார்த்தே ஒப்பேற்றினேன்.

கடிகாரம் வைத்து ஒத்திகை பார்த்த செட். மூன்று நிமிடம் முன்னதாகவே முடிந்துவிட்டது. பாட்டு எதையும் விடவில்லை.

ஜனவரி 31

வேன். தூக்கம் இல்லை. பாஸ்காரனுக்கு மட்டும் எப்படி வருகிறதோ.

பிப்ரவரி 3

கடைசிப் பாட்டில் வேகம் பாதியாக இறங்கும் ஒரு இடம். இழுவையாக இருக்கிறது, வெட்டிவிடலாம் என்று டூருக்கு முன்பு எல்லோருமே சொன்னோம், யாரும் வெட்டவில்லை. இன்று அந்த இடம் வந்ததும், அதுவரை கைகட்டி நின்ற முன்வரிசை மொத்தமும் தலையை ஆட்டத் தொடங்கியது. கிட்டார்காரன் திரும்பி என்னைப் பார்த்தான். புருவம் மட்டும்தான் அசைந்தது. இரண்டு சுற்று கூட்டி வாசித்தோம். பாஸ்காரன் எங்களுக்கு முன்பே புரிந்துகொண்டு கீழ் ஸ்வரத்தில் நின்றுவிட்டான். இறங்கிய பிறகு இதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. இனி அந்தப் பாட்டு அப்படித்தான்.

பிப்ரவரி 6

முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் வலி. இரண்டு காலிலும். மார்பிட் ஏஞ்சல் பேண்டின் டிரம்மர் பீட் சாண்டோவல் முதுகுப் பிரச்சினையால் அதன் 2011 ஆல்பத்தில் வாசிக்கவே முடியாமல் போனது. ராத்திரி பூராவும் அதையே நினைத்துக்கொண்டு கிடந்தேன். அவர் எங்கே, நான் எங்கே, வலிக்கு மட்டும் ஒப்பீடு.

பிப்ரவரி 7

பாடகன் பேசுவதில்லை. எழுதிக் காட்டுகிறான்.

பிப்ரவரி 8

மெயின் பேண்ட் பாடகர் அவனைத் தனியாக அழைத்துப்போய்ச் சொல்லிக் கொடுத்தாராம். கத்தாதே, உறுமலுக்குச் சத்தம் வேண்டாம், அதை மைக் பார்த்துக்கொள்ளும். குரல்நாணுக்கு மேலே இருக்கும் பொய் மடிப்புகளை அதிரவிடு, மூச்சை அடிவயிற்றிலிருந்து கொடு. இன்று பாதிச் சத்தத்தில் இரண்டு மடங்கு பயங்கரமாக இருந்தான். யூடியூபில் வருஷக்கணக்காகப் பார்த்தது அவனுக்கு ஏறவில்லை, இது ஏறிவிட்டது.

பிப்ரவரி 10

டி-ஷர்ட் விற்ற காசில்தான் வேன் ஓடுகிறது. எங்கள் லோகோவில் பேண்ட் பெயர் என்னவென்று வாங்கியவரே கேட்டார்.

மார்ச் 2

ஸ்டுடியோ. முதலில் டிரம்ஸ்.

"டெம்போ என்ன?" என்றார் இன்ஜினியர். 210 என்றோம். டூர் வீடியோ ஒன்றை ஓடவிட்டு விரலால் தட்டிப் பார்த்தார். 222. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். 222ல் இடது கால் உண்மையிலேயே வந்ததா, இல்லை ஹாலின் இரைச்சலில் தெரியவில்லையா? வீடியோவை ஹெட்போனில் திரும்பத் திரும்பக் கேட்டேன். அடியில் வெறும் குமுறல். அதற்குள் எது வேண்டுமானாலும் ஒளிந்திருக்கலாம்.

மார்ச் 3

216 என்று முடிவானது. வேகம் இறங்கும் இடத்தில், ஹெட்போனில் தாளம் தட்டும் கிளிக்கை நிறுத்தச் சொன்னேன். ஒப்புக்கொண்டார்.

கிக்கில் டிரிகர் வைப்பது, அதாவது சென்சார் பொருத்தி ஒவ்வொரு அடிக்கும் பதிவுசெய்த ஒலியை எழுப்புவது, ஏமாற்று வேலை என்று பாஸ்காரன் ஆரம்பித்தான். பழைய சண்டை, எனக்கு அலுத்துவிட்டது. டிரிகர் அடியின் பலத்தைத்தான் சமமாக்கும், நேரத்தை அல்ல. பலம் குறைந்து விழுந்த அடி தப்பிக்கும். தாமதமாக விழுந்த அடி முன்னைவிடப் பளிச்சென்று மாட்டிக்கொள்ளும். என் இடது காலுக்கு அதைவிட மோசமான எதிரி கிடையாது.

மார்ச் 4

டிரம்ஸைக் கட்டத்தில் ஒட்டிவிடவா, ஒவ்வொரு அடியையும் கம்ப்யூட்டரில் சரியான நேரக் கோட்டுக்கு நகர்த்திவிடவா, என்று இன்ஜினியர் கேட்கிறார். கிட்டார் ஏறுவதற்கு முன்பே சொல்லியாக வேண்டும், அப்புறம் நகர்த்தினால் மேலே இருப்பதெல்லாம் விலகும். முழுக்க ஒட்டிய ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினார். சுத்தம். நான் வாசித்தது மாதிரியே இல்லை. அந்த இறங்கும் இடத்தை ஒட்டியபோது, முன்வரிசையை ஆட்டியது எதுவோ அது போய்விட்டது. ஸ்னேர் அங்கே கொஞ்சம் பின்னால் விழவேண்டும், கட்டம் அதை முன்னால் இழுத்துவிட்டது.

வேகமான இடங்களில் இடது கால் அடிகளை மட்டும் சரிசெய்யலாம், மற்றதைத் தொடக்கூடாது. பாடகனுக்குச் சம்மதம். கிட்டார்காரன் ஒன்றும் சொல்லாமல் ஸ்ட்ரிங் மாற்றிக்கொண்டிருந்தான்.

மார்ச் 7

கிட்டார். கம்பிகளைத் தளர்த்திய பி ட்யூனிங்கில் அடிக் கம்பி 82 ஹெர்ட்ஸிலிருந்து 62க்கு இறங்கிவிடுகிறது. அழுத்தி அடித்தால் ஸ்வரம் ஏறிக்கொள்ளும். டேக், ட்யூன், டேக், ட்யூன். ஒரே ரிஃப், திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு, இடப்பக்கம் ஒரு தடவை, வலப்பக்கம் ஒரு தடவை.

ராத்திரி ஸ்டாக்ஹோமா தாம்பாவா, டெத் மெட்டலின் இரண்டு ஊர்களில் எதன் ஒலி என்ற விவாதம். கிட்டார்காரனுக்கு ஸ்டாக்ஹோமின் சன்லைட் ஸ்டுடியோவின் ரம்ப ஒலி வேண்டும், எச்எம்-2 என்ற கிட்டார் டிஸ்டார்ஷன் பெடலில் நான்கு குமிழையும் கடைசி வரை திருப்பி. எனக்கு தாம்பாவின் மோரிசவுண்ட் ஸ்டுடியோவில் தயாரிப்பாளர் ஸ்காட் பர்ன்ஸ் செய்த மாதிரி ஒவ்வொரு கிக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ரம்பம் வந்தால் கிக் செத்தது. "எப்படியும் நான் கேட்கப்போவதில்லை, நீங்கள் அடித்துக்கொள்ளுங்கள்" என்று பாஸ்காரன் படுக்கப் போய்விட்டான்.

மார்ச் 12

குரல் பதிவு ஒரே மூச்சில் முடிந்தது. எழுந்து நின்று கைதட்டினோம்.

மார்ச் 19

மிக்ஸ் வரவில்லை.

மார்ச் 20

வரவில்லை.

மார்ச் 22

கிட்டார்காரன் புது ரிஃப் அனுப்பியிருக்கிறான். நன்றாகத்தான் இருக்கிறது. டெம்போ போடவில்லை. கேட்டால், "ஷோல பாத்துக்கலாம்டா" என்கிறான்.