கேக் வகுப்பைப் பரிசாகக் கொடுத்துப் பட்ட பாடு

களுவாஞ்சிக்குடியில் இருக்கும் என் மச்சாளுக்கு இம்முறை பிறந்தநாள் பரிசாகச் சேலை எடுக்காமல், மட்டக்களப்பு நகரில் நடக்கும் கேக், ஐசிங் வகுப்பொன்றுக்குப் பணம் கட்டினேன். வீட்டிலிருந்தபடியே பிறந்தநாள் கேக் செய்து விற்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. வகுப்பைத் தேடிப் பிடித்ததும் கட்டணம் செலுத்தியதும் ஒரே காலையில் முடிந்துவிட்டன. தொல்லை அதன் பிறகுதான் தொடங்கியது.

படிக்கப் போவது வேறொருவர் என்று நான் சொல்லி, மச்சாளின் முழுப்பெயரையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தும், பணத்தைப் பெற்றவர் பற்றுச்சீட்டை என் பெயரிலேயே எழுதினார். அதைச் சுட்டிக்காட்டியபோது, அதனால் ஒன்றும் ஆகாது என்று கையசைத்து அனுப்பிவிட்டார். முதல் வகுப்பன்று மச்சாள் கைக்குழந்தையைத் தன் தாயாரிடம் விட்டுவிட்டு, ஏறத்தாழ 30 கிலோமீற்றர் பஸ்ஸில் நின்றபடியே வந்து சேர்ந்தாள். அன்று பணம் வாங்கும் மேசையில் வேறொரு பெண்பிள்ளை இருந்தது. “பற்றுச்சீட்டு உங்கட பேரில இல்லையே அக்கா, பதிவுப் புத்தகத்திலயும் பேர் இல்ல, சேர்க்க ஏலா” என்ற பதிலோடு அவள் திரும்பிப் போனாள்.

மறுநாள் நான் போனேன். முதலில் என்னிடமிருந்து ஒரு கடிதமும் அவளுடைய அடையாள அட்டைப் பிரதியும் கேட்டார்கள். அவற்றைக் கொண்டுபோய்க் கொடுத்த பிறகு, இந்த அணி நிரம்பிவிட்டது, அடுத்த அணிக்குத்தான் இடம், பணமும் திரும்பக் கிடைக்காது என்றார்கள். அந்த விதி நான் பணம் கட்டியபோது எங்கே எழுதியிருந்தது என்று கேட்டேன், பதிலில்லை. பணத்தை வாங்கிக்கொண்டு இடம் தர மறுக்கிறோம் என்பதைக் கடிதத் தலைப்பில் எழுதித் தாருங்கள், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடும்போது எனக்கு அது உதவும் என்று குரலை உயர்த்தாமல் சொன்னேன். உள்ளறையில் இருந்த பொறுப்பாளர் அப்போதுதான் வெளியே வந்தார். நிரம்பியிருந்த அணியில் உடனே ஓர் இடம் பிறந்தது; தவறிய வகுப்பை வேறொரு நாளில் ஈடுசெய்வதாகவும் எழுதிக் கையொப்பமிட்டுத் தந்தார்.

ஆகவே, இப்படிப் பரிசு கொடுப்பவர்கள், வகுப்பு நடத்துவோர் தரும் பூப்போட்ட பரிசு அட்டையை நம்பிவிடாமல், படிப்பவரின் பெயரில் பற்றுச்சீட்டும் பதிவிலக்கமும் கையில் கிடைக்கும்வரை மேசையை விட்டு நகரக் கூடாது. எந்த நாள், எந்த நேரம் என்பதைப் பரிசு பெறுபவரிடமே கேட்டுவிடுவதும் நல்லது. நகருக்கு வெளியே இருப்பவருக்கு மாலை வகுப்பு என்றால், கடைசிப் பாடத்தைவிட வீடு திரும்பும் பஸ்தான் மனதில் ஓடும்.

கட்டணத்துக்குள் பொருட்கள் அடங்கவில்லை என்பதை மச்சாள் என்னிடம் சொல்லக் கூச்சப்பட்டிருக்கிறாள். அவளோடு படிக்கும் இன்னொருத்தி சொல்லித்தான் எனக்குத் தெரிய வந்தது. நம் வீடுகளில் வழக்கமாகச் செய்யும் பட்டர் கேக்குக்கே பட்டர், சீனி, மா ஒவ்வொன்றும் 500 கிராமும் முட்டை பத்தும் பிடிக்கும். அதற்கு மேல் ஐசிங் சீனி, ஐசிங் பிழியும் நோசில், கேக் வைக்கும் பலகை எல்லாம் அவரவர் கொண்டுவர வேண்டும் என்றால், நாம் கொடுத்த பரிசே அவர்களுக்குச் செலவாகிவிடும். மிச்சப் பொருட்களுக்கான பணத்தை மறுக்க விடாமல் அவள் கையில் வைத்தேன். வீட்டில் ஓவன் இருக்கிறதா என்பதையும் முன்கூட்டியே பாருங்கள். குளிரூட்டிய வகுப்பறையில் அழகாக நிற்கும் பட்டர் ஐசிங், கச்சான் காற்று வீசும் மாதங்களில் நம் குசினி மேசையில் சற்று நேரத்திலேயே வழியத் தொடங்கிவிடும். வெக்கையைத் தாங்கும் ஐசிங்கையும் கற்பிப்பார்களா என்பது அவசியம் கேட்க வேண்டிய கேள்வி. மச்சாள் இதைத் தானே கேட்டு, அதற்கென்று ஒரு பாடத்தைச் சேர்க்க வைத்துவிட்டாள் என்பதில் எனக்குப் பெருமைதான்.

இனிச் சான்றிதழ். வீட்டுத் தொழிலுக்குத் தனியார் வகுப்பின் சான்றிதழே போதும். பேக்கரியிலோ ஹோட்டலிலோ வேலை தேட நினைப்பவருக்கு என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழில் தகைமைதான் பயன்படும்; ஆகவே அவருக்காகப் பணம் கட்டுமுன், அந்த நிலையம் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்யப்பட்டதா, அந்தக் குறிப்பிட்ட பாடநெறிக்கு அங்கீகாரம் உண்டா என்று இரண்டையும் தனித்தனியாக விசாரியுங்கள். பெயரின் ஆங்கில எழுத்துகள் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்கின்றனவா என்பதைச் சான்றிதழ் அச்சாகுமுன் பார்த்துக்கொள்ளுங்கள். மச்சாளின் பெயரில் ஓர் எழுத்து விடுபட்டிருந்ததை அச்சுக்குப் போகும் முன்பே கண்டு திருத்தினோம்.