இடப்பக்கம் சாய்ந்து

ஜூன் 2

காற்று தொடங்கிவிட்டது. பின்கட்டுக் கதவு அடித்துக்கொண்டே இருக்கிறது. வயிற்றில் பிள்ளை, நஞ்சுக்கொடி கீழே இருக்கிறது, எழுந்து போய்ச் சாத்தக் கூடாதாம்.

ஜூன் 3

மேசையைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டுத் தந்திருக்கிறாள் அம்மா. இடப்பக்கம் சாய்ந்து படுத்தால் வலது கை சும்மா இருக்கும். எழுதலாம். லேப்டாப் கூடாது என்று டாக்டர் சொல்லவில்லை, அம்மாதான் சொல்கிறாள். அதனால் நோட்டு, பேனா.

ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தின் முதல் பத்தியை மறுபடி எழுதினேன். மூடிய, திசையுள்ள மேனிஃபோல்டு ஒன்று, அதாவது கிட்டத்தில் பார்த்தால் சாதாரண வெளி போலவே இருக்கும், விளிம்பில்லாத வடிவம். அதிலிருந்து அதற்கே ஒரு தொடர்ச்சியான மேப், கிழிக்காமல் அதன்மேலேயே போர்த்துவது; டிகிரி ஒன்று, கூட்டிக் கழித்தால் ஒரே தடவை போர்த்துகிறது. அந்த மேப் ஹோமோடோபி சமானமாகத்தான், அதாவது தொடர்ச்சியான உருமாற்றம் வரை திருப்பிவிடக் கூடியதாகத்தான், இருந்தாக வேண்டுமா? டோபாலஜிக்காரர் ஹைன்ஸ் ஹாப்ஃபின் கேள்வி. டோபாலஜியின் திறந்த கேள்விகளைத் தொகுத்த கிர்பியின் பட்டியலில் 5.26. பொதுவாக விடை தெரியாது. எழுதி முடித்துப் பார்த்தால் நான்கே வரி. இதற்கா நான்கு வருஷம் என்று சித்தி கேட்டால் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

ஜூன் 5

ஆச்சி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "என்னட்டி எழுதுத, கணக்கா?" கணக்குதான் என்றேன். என்ன கணக்கு என்று விடாமல் கேட்டாள். கட்டிலில் கிடந்த அவளுடைய சுங்குடிச் சேலையை விரித்து நடுவில் ஒரு மடிப்பு வைத்தேன். மடிப்பு விழுந்த இடத்தில் கையை வைத்தால் கீழே மூன்று அடுக்கு. இரண்டில் நல்ல பக்கம் மேலே பார்க்கிறது, நடு அடுக்கில் உள்பக்கம். நல்லதுக்கு ஒன்று கூட்டு, உள்பக்கத்துக்கு ஒன்று கழி. மிச்சம் ஒன்று. மடிப்பில்லாத இடத்தில் எப்படியும் ஒன்று. எங்கே கை வைத்தாலும் ஒன்றே வந்தால் டிகிரி ஒன்று.

"மடிச்சு வச்சாலும் விரிச்சு வச்சாலும் சேலை சேலதான?"

அதைத்தான் ஆச்சி கேட்டிருக்கிறார் அந்த மனுஷர்.

"இதுக்குப் போயி ஒருத்தன் கேள்வி கேட்டானாக்கும்" என்று சேலையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். இழுத்தால் இந்த மடிப்பு விரிந்துவிடும், சரி. எல்லா மடிப்பும் அப்படி விரியுமா?

ஜூன் 6

கொஞ்சம் ரத்தம் பட்டது. போன் செய்தோம். படுத்தே இருக்கச் சொன்னார்கள். படுத்துத்தானே இருக்கிறேன்.

ஜூன் 7

இன்று இல்லை.

ஜூன் 8

மனம் நிலைகொள்ளாதபோது ஏற்கெனவே தெரிந்த ஒன்றை நிரூபித்துப் பார்ப்பது என் பழக்கம். டிகிரி ஒன்றான மேப், அடிப்படைக் குலத்தில் (குலம் என்றால் குரூப், இங்கே மேனிஃபோல்டில் சுற்றிவரும் வளையங்களால் ஆனது) ஆன்டூவாகத்தான், எந்த உறுப்பையும் விடாமல் தொடுவதாகத்தான், இருக்கும். குலத்தின் படம், அதாவது மேப் போய்த் தொடும் பகுதி, முழுக் குலம் இல்லை, ஒரு உட்குலம்தான் என்று வைத்துக்கொள்வோம். அந்த உட்குலத்துக்கான கவர் (மேனிஃபோல்டின் மேல் அடுக்கடுக்காகப் படியும் இன்னொரு வெளி) வழியாக மேப்பை ஏற்றிவிடலாம். கவரில் முடிவுள்ள எண்ணிக்கையில் அடுக்குகள் இருந்தால், அந்த எண் டிகிரியை வகுக்கும். ஒன்றை வகுப்பது ஒன்றுதான். அடுக்குகள் முடிவிலி என்றால் கவர் கச்சிதமானது இல்லை, அதன் உச்ச ஹோமாலஜி (ஒவ்வொரு பரிமாணத்திலும் ஓட்டைகளைக் கணக்கெடுக்கும் குலங்களில் கடைசி) பூஜ்யம், டிகிரியும் பூஜ்யம். ஆகவே படம் முழுக் குலமே.

இதில் எனக்குப் பிடித்தது, யாரும் எதையும் கணக்கிடுவதில்லை என்பது.

ஆன்டூ வந்தாயிற்று. ஒன்-ஒன், இரண்டு உறுப்புகள் ஒன்றாகிவிடாமல் இருப்பது, வரவில்லை. மொத்த வில்லங்கமும் அங்கே.

ஜூன் 9

அவன் வந்தான். பிள்ளையின் அப்பாதான். நெல்லை எக்ஸ்பிரஸில் தூங்கவே இல்லையாம். மத்தியானம் முழுக்க என் காலடியில் தூங்கினான். பிள்ளையின் பெயர் பற்றிப் பேச்செடுத்தான். இப்போது வேண்டாம் என்றேன். பேசியிருக்கலாம்.

ஜூன் 11

1917-இல் ஹாப்ஃப் போர்முனையிலிருந்து இரண்டு வார விடுப்பில் பிரெஸ்லாவுக்கு வருகிறார். அங்கே எர்ஹார்ட் ஷ்மிட் வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கிறார். பரிமாணம் மாறாது என்ற பிரௌவரின் தேற்றம், அதற்குக் கருவியாக மேப்பின் டிகிரி. அந்த டிகிரி அவரைப் பிடித்துக்கொண்டது, கடைசிவரை விடவில்லை. விடுப்பில் வந்தவர் வீட்டில் படுத்துத் தூங்காமல் வகுப்புக்கு ஏன் போனார் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். யோசிக்க நேரம் நிறைய இருக்கிறது.

அதே பரிமாணக் கோளத்துக்குப் போகும் மேப்களை டிகிரி ஒன்றே முழுவதுமாக வகைப்படுத்திவிடும் என்று பிறகு அவர் காட்டினார். அது தெரிந்தவருக்கு, தன்மேலேயே போகும் மேப்பிலும் டிகிரி எவ்வளவு தூரம் பேசும் என்று கேட்கத் தோன்றாமல் இருக்குமா.

ஜூன் 12

ஹோமாலஜி எதையும் காட்டிக்கொடுக்காது. பாயின்காரே டூவாலிட்டியால் டிகிரி ஒன்றான மேப் ஹோமாலஜியில் ஆன்டூ. முடிவுள்ள உறுப்புகளால் உருவான பரிமாற்றுக் குலத்தில், தன்மேல் ஆன்டூ என்றால் ஒன்-ஒன்னும்கூட. ஹோமாலஜியின் கண்ணுக்கு எல்லாம் சரி. அடிப்படைக் குலம் வெறுமையாக இருந்தால் வைட்ஹெட் தேற்றம் மிச்சத்தை முடித்துவிடும். கேள்வியே இல்லை.

ரத்தம், சர்க்கரை, பிரஷர், எல்லாம் நார்மல் என்று தாளில் போட்டிருக்கிறது. அந்தத் தாளை அம்மா சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறாள்.

ஜூன் 14

தன்மேல் ஆன்டூவாகும் எந்த மேப்பும் ஒன்-ஒன்னாகவும் இருக்குமென்றால் அந்தக் குலத்துக்கு ஹாப்ஃபியன் என்று பெயர். அவர் பேரே ஒட்டிக்கொண்டது. பரப்புகளின் குலங்கள் ஹாப்ஃபியன். மூன்று பரிமாணத்தில் 1940-இன் மால்செவ், 1987-இன் ஹெம்பல், பெரல்மான், மூவரையும் சேர்த்தால் மூடிய மேனிஃபோல்டு எல்லாம் அடங்கிவிடுகிறது. பெரல்மான் இல்லாமல் இந்த வரியை எழுத முடியாது. மற்றவர் ஆயுள் முழுக்கச் செய்ததை ஒரு வரியில் கடந்துபோகிறேன்.

நான்காம் பரிமாணத்தில் எந்தப் பாதுகாப்பும் இல்லை. முடிவுள்ள விவரிப்பு (எண்ணி முடியும் உறுப்புகளும் விதிகளும்) உள்ள எந்தக் குலத்தை நீட்டினாலும், அதை அடிப்படைக் குலமாகக் கொண்ட மூடிய நான்கு பரிமாண மேனிஃபோல்டு கட்டித் தரலாம். இதை வைத்துத்தான் 1958-இல் மார்கோவ், இவற்றை வகை பிரிக்கப் பொதுவான செய்முறையே கிடையாது என்று காட்டினார். எந்தக் குலமும் என்றால் ஹாப்ஃபியன் அல்லாததும்.

ஜூன் 15

ஹாப்ஃபியன் அல்லாத குலம் ஒன்று: பாம்ஸ்லாக், சாலிட்டர். 1962. இரண்டே உறுப்பு, ஏ, பி. ஒரே விதி: ஏ-யின் வர்க்கத்துக்கு முன்னால் பி-யும் பின்னால் பி-யின் நேர்மாறும் வைத்தால் ஏ-யின் கனம். அவ்வளவுதான். இனி ஏ-யை அதன் வர்க்கத்துக்கு அனுப்பு, பி-யை அப்படியே விடு. படத்தில் வர்க்கம் இருக்கிறது, பி இருக்கிறது, ஆகவே விதிப்படி கனமும் இருக்கிறது. கனத்தை வர்க்கத்தால் வகுத்தால் ஏ. ஆன்டூ! ஆனால் பி, ஏ, பி-யின் நேர்மாறு என்ற வார்த்தையும் ஏ-யும் இடம் மாற்றினால் ஒன்றாக இருப்பதில்லை. மேப் போட்ட பிறகு முறையே கனமும் வர்க்கமும் ஆகி ஒத்துப்போய்விடுகின்றன. அந்த வித்தியாசம் கெர்னலில், மேப் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடும் உறுப்புகளில், போய் விழுகிறது. முழுதும் கிடைத்தும் ஏதோ ஒன்று தொலைந்திருக்கிறது.

இதைப் படிக்கும்போதெல்லாம் சிரிப்பு வருகிறது. இன்று சிரித்தபோது வயிறு இறுகியது. நிறுத்திக்கொண்டேன்.

ஜூன் 17

ஸ்கேன். நஞ்சுக்கொடி இன்னும் மேலே ஏறவில்லை. "பாப்போம்" என்றார் டாக்டர். பாப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று வண்டியில் வரும் வழியெல்லாம் அம்மாவிடம் கேட்டேன். அம்மா, "பாப்போம்னா பாப்போம்தான்" என்றாள்.

ஜூன் 18

கைடு சார் கூப்பிட்டார். உடம்பைக் கேட்டார், சாப்பாட்டைக் கேட்டார், அப்புறம் நயமாக: "நாலாம் பரிமாணத்த விட்டுரும்மா. மூணோட நிறுத்தி, திறந்த கேள்வின்னு ஒரு பத்தி போட்டு சமர்ப்பிச்சிரலாம்." அவர் சொல்வது நியாயம். நியாயமாக இருப்பதால்தான் கோபம் வருகிறது. சரி சார் என்றேன். விடப் போவதில்லை.

ஜூன் 19

தூக்கம் இல்லை. வலப்பக்கம் திரும்பலாமா என்று கேட்க யாரும் விழித்திருக்கவில்லை.

ஜூன் 20

நேற்று இரவு முழுக்க ஹவுஸ்மானின் வாதம். குலம் ஹாப்ஃபியன் என்றால் நான்கு பரிமாணத்திலும் விடை ஆம். 1987 முதல் தெரிந்த விஷயம். அடிப்படைக் குலத்தில் பிசகு இல்லையென்றால், தொலைய இடம் இரண்டாம் ஹோமாலஜியில் மட்டும்தான், அதுவும் குல வளையத்தை (குல உறுப்புகளை எண்களால் பெருக்கிக் கூட்டி வருவது) கெழுவாக வைத்துப் பார்க்கும்போது. அந்தக் கெர்னலோடு சில சுதந்திர உறுப்புகளைச் சேர்த்தால் முழுதும் சுதந்திரமாகிவிடும். சாதாரண ஹோமாலஜியில் எதுவும் தொலையாததால் இரண்டு பக்கத்திலும் எண்ணிக்கை ஒன்றே. இங்கே காப்லான்ஸ்கி வருகிறார்: முழு எண்களின் மேலான குல வளையத்தில், எந்தக் குலமானாலும், இப்படிப்பட்ட மிச்சம் பூஜ்யம்தான். எந்தக் குலமானாலும்! எல்லாக் குலத்துக்கும் பொருந்தும் உண்மைகள் மிகக் குறைவு. அதிலும் அவர் நிரூபணம் போகும் வழி இயற்கணிதம் இல்லை, ஆபரேட்டர்களின் டிரேஸ். கெழுக்களை முடிவுள்ள களத்துக்கு மாற்றினால் அதே கூற்று இன்னும் திறந்தே கிடக்கிறது.

ஆக நான்காம் பரிமாணத்தில் பகைவன் ஒருவன்தான்: ஹாப்ஃபியன் அல்லாத குலம். காலை ஐந்து மணிக்கு இதை எழுதி அடிக்கோடு போட்டேன். பால்காரர் மணி அடித்தார்.

ஜூன் 21

ஆச்சி தேர் பார்க்கப் போனாள். திருநீறும் பொரிகடலையும் வந்தன.

ஜூன் 23

அவன் வரவில்லை. டிக்கெட் கிடைக்கவில்லையாம். சரி.

ஜூன் 24

கான்வே முடிச்சு பற்றிய வீடியோ ஒன்றைச் சித்தப்பா வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். ஐம்பது வருஷக் கேள்வியை லிசா பிச்சிரில்லோ ஒரு வாரத்துக்குள் முடித்தது. கூடவே "நீயும் சாதிப்பாய் மகளே", இரண்டு கைகூப்பு. அன்புதான். ஆனால் அந்த ஒரு வாரத்துக்கு முன்னால் அந்தப் பெண் எத்தனை முடிச்சுகளைக் கையில் வைத்துப் புரட்டியிருப்பாள் என்று அந்த வீடியோவில் இராது. அதுவும் நான்காம் பரிமாணம்தான். முடிச்சை எல்லையாகக் கொண்டு நான்கு பரிமாணப் பந்துக்குள் ஒரு வழவழப்பான தட்டு இருக்கிறதா என்ற கேள்வி.

என் வெறுப்பெல்லாம் அவளிடம் இல்லை. முதுகு வலி.

ஜூன் 26

ஊசி. பிள்ளையின் நுரையீரலுக்காம். நாளைக்கும் ஒன்று.

வளைகாப்பைப் படுக்கையிலேயே வைத்துவிடலாமா என்று அம்மாவும் பெரியம்மாவும் அடுக்களையில் குசுகுசு. வளையல் போட்டால் எழுதும் கை கனக்கும் என்றேன். "கெட்ட வாய்" என்று பெரியம்மா.

ஜூன் 29

கையில் எடுத்துப் பார்க்க ஒரு மேனிஃபோல்டு வேண்டும். கட்டினேன். வட்டத்தையும் மூன்று பரிமாணக் கோளத்தையும் பெருக்கி வருவது ஒன்று. அப்படி இரண்டை ஒட்டு. ஏ, பி என்று இரண்டு வளையங்கள் கிடைக்கும். விதியைச் சொல்லும் வளையத்தின் மேல் சர்ஜரி, அதாவது அதைச் சுற்றி வெட்டியெடுத்து வேறு துண்டு ஒட்டுவது. அடிப்படைக் குலம் பாம்ஸ்லாக்–சாலிட்டர். ஆய்லர் எண் பூஜ்யம். பரிமாற்றுக் குலமாக்கினால் ஏ-யின் வர்க்கமும் கனமும் ஒன்றாகிவிடுவதால் ஏ மறைந்துபோகிறது. இரண்டாம் ஹோமாலஜி பூஜ்யம். அதாவது ஹோமாலஜியில் இது வெறும் வட்டமும் கோளமும் பெருக்கியது போலவே இருக்கும். ஏ அங்கே இருப்பதே வெளியில் தெரியாது.

இன்னொன்று. பி-யின் மேலும் சர்ஜரி செய்துவிட்டால் குலம் முழுக்கக் கரைந்து நான்கு பரிமாணக் கோளம் மிஞ்சும், 1982-இன் ஃப்ரீட்மன் தேற்றப்படி. வழவழப்பாகவும் அது சாதாரணக் கோளம்தானா என்று இந்த ஒன்றுக்குக் கேட்க வேண்டியதில்லை, விவரிப்பு நேராகவே சுருங்கிவிடுகிறது. பொதுவாகக் கேட்டால் அது இந்தத் துறையின் மிகப் பெரிய திறந்த கேள்வி: நான்காம் பரிமாணத்தில் வேறு வழவழப்புள்ள கோளம் உண்டா. அதன் பக்கம் தலைவைத்துப் படுக்க எனக்கு உத்தேசமில்லை.

ஜூன் 30

அவன் வந்தான். பெயர் பேசினோம். இரண்டு பெயர், எழுத மாட்டேன்.

ஜூலை 1

இந்த மேனிஃபோல்டில், ஏ-யை வர்க்கமாக்கும் அந்த மேப்பைக் குலத்தில் தூண்டக்கூடிய டிகிரி ஒன்றான மேப் உண்டா? உண்டென்றால் ஹாப்ஃபின் கேள்விக்கு விடை, "இல்லை, ஹோமோடோபி சமானமாக இருந்தாக வேண்டியதில்லை" என்பது. குலத்தின் இடவெளி இரண்டு பரிமாணம்தான், நான்காம் ஹோமாலஜி பூஜ்யம், ஆகவே அந்த வழியில் தடை ஏதும் வராது. கெர்னல் ஏ-யின் வர்க்கம், கனம் போன்ற அடுக்குகளைத் தொடுவதில்லை. மரம் போல் கிளைக்கும் ஒரு வரைபடத்தின் மேல் அதை அசைய விட்டுப் பார்த்தால் அது சுதந்திரக் குலம் என்று தெரிகிறது. சுதந்திரம், ஆனால் வெறுமை இல்லை.

மேப்பை இரண்டாம் எலும்புக்கூடு (மேனிஃபோல்டின் இரண்டு பரிமாணத் துண்டுகள்) வரைக்கும் கட்டிவிடலாம். அங்கேயே தேர்வுகள் இருக்கின்றன. நான்காவதில்தான் டிகிரி என்ன வருகிறது என்று தெரியும். எளிய தேர்வுகள் இரண்டு பரிமாணத்துக்குள் நசுங்கிப் பூஜ்யத்தைத் தருகின்றன. ஒன்று வேண்டும். எவ்வளவு திருகினால் ஒன்று வரும்?

ஜூலை 2

பூஜ்யம்.

ஜூலை 4

சாரிடம் சொல்லிவிட்டேன். திட்டவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஃபோட்டோ எடுத்து அனுப்பு" என்றார். அம்மா ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்தாள், தலைகீழாக. அவர் அப்படியே படித்துவிட்டு இரண்டாம் எலும்புக்கூட்டில் என் தேர்வு மட்டும்தானா வழி என்று கேட்கிறார். இல்லை. இரண்டாம் ஹோமோடோபிக் குலத்திலிருந்து எதை வேண்டுமானாலும் கூட்டிக்கொள்ளலாம். அந்தக் குலத்தைக் குல வளையத்தின் மாட்யூலாக முழுதாக எழுதவேண்டும். பக்கம் நிறைய வரும்.

ஜூலை 5

மாட்யூல், முதல் பாதி. உறவுகள் நான் பயந்த அளவுக்கு மோசம் இல்லை. மறுபாதியில் பி-யின் நேர்மாறு வரும் உறுப்புகளைத் தனியாகப் பிரிக்க வேண்டும்.

ஜூலை 6

மறுபடி பட்டது, இந்தத் தடவை அதிகம். வரச் சொல்லிவிட்டார்கள். இரண்டு நோட்டையும் பையில் போட்டாயிற்று. அம்மா ஆட்டோ பிடிக்கப் போயிருக்கிறாள். சார்ஜர் எங்கே வைத்தேன்