பெஞ்சு நிறைவதற்காக அல்ல சுவிசேஷம்

"ஆராதனைக்கே ஆள் இல்லை. வெளியே போய்ச் சுவிசேஷம் சொல்லும் ஊழியத்துக்கு எதற்கு இவ்வளவு பணம்?" எங்கள் சபையை நடத்தும் சேகரக் கமிட்டியில் வரவு செலவுக் கணக்கு வாசிக்கும்போதெல்லாம் இப்போது இந்தக் கேள்வி வருகிறது. கேட்பவர்கள் சபையின்மேல் பாசம் உள்ளவர்கள்தாம். ஆலயக் கூரை ஒழுகுகிறது, மின்கட்டணம் ஏறிவிட்டது, காணிக்கை குறைந்துவிட்டது. அவர்கள் கவலை நியாயமானது. ஆனால் அந்தக் கேள்வியில் எனக்கு உடன்பாடு இல்லை.

செம்மணல் தேரிக்காட்டை ஒட்டிய ஊர் எங்களுடையது. பனை ஏறியவர்களின் பிள்ளைகள் படித்து, சென்னை, கோவை, வளைகுடா என்று போய்விட்டார்கள். படிக்கவேண்டும் என்று ஜெபித்தவர்களே நாங்கள்தான். போனதைக் குறை சொல்ல முடியாது. சபையார் கூடி உண்ணும் அசனப் பண்டிகைக்கு எல்லாரும் வருவார்கள். ஆலயத்தைச் சுற்றிக் கார் நிறுத்த இடம் இருக்காது, பெரிய அண்டாக்களில் ஆட்டுக்கறி கொதிக்கும், பேரன் பேத்திகள் முற்றத்தில் ஓடுவார்கள். அடுத்த ஞாயிறு முன்வரிசையில் பாட்டிமார், பின்வரிசையில் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், நடுவில் காலிப் பெஞ்சுகள். கொரோனா காலத்தில் கைபேசியில் ஆராதனை பார்க்கப் பழகியவர்களில் சிலர் உள்ளூரிலேயே இருந்தும் திரும்பவில்லை.

இந்த நிலையில் சபைக்கு வரும் முதல் யோசனை, வெளியூர்ப் பிரசங்கியாரை அழைத்து எழுப்புதல் கூட்டம் வைப்பது. பந்தல், ஒலிபெருக்கி, சுவரொட்டி என்று செலவு ஏறும். கூட்டமும் சேரும். வருகிறவர்கள் யார்? பக்கத்து ஊர் சபையார். நம் பெஞ்சு நிறைந்தால் அவர்கள் பெஞ்சு காலி. இதற்குச் சுவிசேஷ ஊழியம் என்று பெயர் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆள் சேர்ப்பதற்கென்றே ஒரு வீட்டுக்குப் போனால், வீட்டார் அதைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

எங்கள் பக்கத்து வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்தவர் மிஷனரி அசரியா. 1902இல் யாழ்ப்பாணம் போனவர், அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே காணிக்கை சேர்த்து மிஷனரி ஊழியம் நடத்துவதைப் பார்த்தார். மறு ஆண்டே, 1903இல், திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியது. வெளிநாட்டுப் பணத்தை நம்பாமல், நம் சபைகளின் காணிக்கையில், இன்றைய தெலங்கானாவிலுள்ள தோர்ணக்கல்லுக்கு ஊழியர்களை அனுப்பினார்கள். 1909இல் அவரே அங்கே போனார்; 1912இல் பேராயரானார். ஞானஸ்நானம் பெற்றவர்களைத் தங்கள் தலைமேல் கைவைத்து, "சுவிசேஷத்தை நான் பிரசங்கியாதிருந்தால், எனக்கு ஐயோ" என்று சொல்லச் செய்வாராம். அன்று கொடுத்த நம் பாட்டன்மார் நம்மைவிட வசதியானவர்களா? பனைத்தொழிலில் கிடைத்ததில்தான் பலர் கொடுத்தார்கள். மீதம் வந்தபின் கொடுக்கலாம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் சனிக்கிழமை மாலையில் இரண்டு இரண்டு பேராக வீடுகளைச் சந்திக்கப் போகிறோம். நானும் இன்னொரு அக்காவும் போகும் வீட்டில், பனையிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் கிடக்கும் ஒருவர் இருக்கிறார். அவர்கள் கிறிஸ்தவர்கள் அல்லர். "ஏதாவது வாசியுங்கள் டீச்சர், பொழுது போகட்டும்" என்று அவர்தான் கேட்டார். திமிர்வாதக்காரனை நான்கு பேர் சுமந்துவந்து, கூரையைப் பிரித்து இயேசுவின் முன்னால் இறக்கிய பகுதியை வாசித்தேன். படுக்கைக்கு மேலே தொங்கும் கயிற்றைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தவர், "அந்த நாலு பேரும் அவனுக்குச் சொந்தமா?" என்றார். வேதத்தில் அது இல்லை என்றேன். "சொந்தமாக இருக்காது" என்றார். பிறகு, தாம் விழுந்த அன்று கட்டிலோடு தூக்கிக்கொண்டு பஸ் போகும் சாலைவரை ஓடியவர்களைப் பற்றி வெகுநேரம் பேசினார். அவர்களில் இருவர் எங்கள் சபையார் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும்.

அவர் ஆலயத்துக்கு வரவில்லை. வராமலே இருக்கலாம். மருந்துக்கு நாங்கள் செய்யும் உதவிக்கும் வாசிப்புக்கும் முடிச்சுப் போடுவதில்லை; இன்றைக்கு வேண்டாம் என்று அவர் சொன்னால் நலம் விசாரித்துவிட்டுத் திரும்புவோம். வருகைப் பதிவேட்டில் இந்த வீட்டுக்கு இடம் கிடையாது. ஆனால் என்னோடு வரும் அக்கா, கூட்டங்களில் வாய்விட்டு ஜெபிக்கவே கூசுகிறவர், இப்போது வெள்ளிக்கிழமையே என்னை அழைத்து, "நாளைக்கு எந்தப் பகுதி வாசிக்கலாம்?" என்று கேட்கிறார். சின்னச் சபை உயிரோடு இருக்கிறது என்பதற்கு எனக்கு இந்த அடையாளம் போதும். ஆள் குறைந்த சபை தன் கதவுக்குள்ளேயே அடைந்துகொண்டால், மிச்சமிருப்பவர்களுக்கும் ஞாயிறு காலை வெறும் பழக்கமாகிவிடும்.

இம்முறை கமிட்டியில் இதையெல்லாம் சொன்னேன். குருவானவரும் ஆதரித்துப் பேசினார். கூரைக்கு ஒதுக்கிய தொகை அப்படியே இருக்கும், வெள்ளையடிப்பு அடுத்த ஆண்டுக்குப் போகும், நாம் தாங்கும் மிஷனரி குடும்பத்துக்கான பணத்தில் கைவைப்பதில்லை என்று முடிவானது. பொருளாளர் அண்ணாச்சிக்கு மட்டும் மனம் ஆறவில்லை. "முடிவு சரிதான் டீச்சர், பணத்துக்கு வழி?" என்றார். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசி எடுத்துவைக்கும் பழைய வழக்கத்தைப் பெண்கள் மறுபடி தொடங்குவதாகச் சொன்னோம். மாதக் கடைசி ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அந்த அரிசி ஏலம். முதல் ஏலக் கேள்வி தன்னுடையது என்று அண்ணாச்சி சொல்லியிருக்கிறார்.